சோழர் அணிக்கு மட்டும் எப்படி இவ்வளவு வெற்றி? பைத்தானில் முறைவைத்து மோதும் போர்

பிறை_இரவுஷிப்ட்

எல்லோருக்கும் வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் டெஸ்ட் பிரிவில் வேலை. பைத்தான் நிரல்மொழி கொஞ்சம் தெரியும். டெஸ்டர் மெஷின் துப்புகிற லாக் கோப்பைப் பிரித்து எக்செலில் போடும் அளவுக்கு. கிளாஸ் (ஒரு வகைப் பொருளுக்கான அச்சு), ஆப்ஜெக்ட் (அந்த அச்சில் வார்த்த பொருள்) எல்லாம் எழுதிப் பழக்கமில்லை. அதைப் பழகத்தான் இந்த விளையாட்டு.

மகள் படிவம் ஒன்று படிக்கிறாள். பள்ளியில் கெடாவில் இருக்கும் மெர்போக் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார்கள். பூஜாங் பள்ளத்தாக்கு, 1025இல் கடாரத்தின் (இன்றைய கெடா) மேல் படையெடுத்த ராஜேந்திர சோழனின் கப்பல்படை எல்லாம் கேட்டுவிட்டு வந்தவள், கடாரம் ஜெயிக்கிற மாதிரி ஒரு கேம் வேண்டும் என்கிறாள். நாம் குடியிருப்பது கடாரத்துப் பக்கம்தானே, அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஜெயிக்க வைக்க மாட்டேன், இரண்டு அணிக்கும் ஒரே பலம் கொடுக்கிறேன், அப்புறம் யார் ஜெயித்தாலும் சரி என்று பேசி முடித்தோம்.

மூன்று கிளாஸ்: வீரர், அணி, போர். (பைத்தான் 3இல் கிளாஸுக்கும் மாறிக்கும் தமிழிலேயே பெயர் வைக்க முடிகிறது. மகளுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.) ஒவ்வொரு வீரருக்கும் உயிர் 12, அடி 3, வேகம் 5. அடி படுவதற்கு வாய்ப்பு பாதிக்குப் பாதி. அணிக்கு ஆறு பேர். போர் கிளாஸுக்குள் ஒரு சுற்று இப்படி ஓடுகிறது:

வரிசை = சோழர் ஆறு பேர் + கடாரத்தார் ஆறு பேர்
வரிசையை வேகப்படி அடுக்கு, வேகமானவர் முதலில்
வரிசையில் உள்ள ஒவ்வொருவரும்:
— எதிரணியில் உயிர் குறைந்தவரைத் தேர்ந்தெடுத்து அடி
— அவர் உயிர் பூச்சியத்துக்கு இறங்கினால், வரிசையிலிருந்தும் அவருடைய அணியிலிருந்தும் நீக்கு
ஓர் அணி காலியானால் போர் முடிந்தது

இறந்தவர் எழுந்து அடிக்கக் கூடாது என்பதால்தான் வரிசையிலிருந்தும் நீக்குகிறேன்.

10,000 முறை ஓட்டினால் சோழர் ஏழாயிரத்தைச் சுற்றி ஜெயிக்கிறார்கள். திரும்பத் திரும்ப ஓட்டினாலும் அதே கதைதான். "அப்பா, நீங்க சோழர் பக்கம்" என்கிறாள் மகள். எண்களை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டேன், இரு அணியும் ஒன்றுதான். ஓரவஞ்சனை எங்கே ஒளிந்திருக்கிறது?

கூடவே இன்னொன்று. அடுத்து வில்லாளி, மருத்துவர், யானை எல்லாம் வர வேண்டும். ஒவ்வொன்றையும் வீரரின் துணை கிளாஸாக (வீரர் கிளாஸில் இருப்பதை அப்படியே வாங்கிக்கொண்டு மாற்றம் செய்யும் கிளாஸாக) எழுதுவது சரியா?

ஜெலுத்தோங்_தம்பி

அண்ணே, ரேண்டம் என்றால் அப்படித்தான் இருக்கும். சீட் எண்ணை (ரேண்டம் எண்களின் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்ணை) மாற்றிப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு லட்சம் முறை ஓட்டுங்கள், சமமாகிவிடும்.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா

தம்பி, அதிர்ஷ்டம் இவ்வளவு தூரம் போகாது. சமமான இரண்டு அணி 10,000 முறை மோதினால் திட்ட விலக்கம் (வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அளவு) 50 ஆட்டம்தான். அதாவது நூற்றில் 95 தடவை முடிவு 4,900க்கும் 5,100க்கும் நடுவில் விழும். ஏழாயிரம் என்பது அந்த எல்லைக்கு ரொம்ப வெளியே. லட்சம் முறை ஓட்டினால் எழுபதாயிரம் வரும், அவ்வளவுதான்.

பிறை அண்ணன், அடுக்குகிற வரியைப் பாருங்கள். பைத்தானின் வரிசையாக்கம் நிலையானது. இரண்டு பேருக்கு வேகம் ஒன்றாக இருந்தால், முன்பு யார் முன்னால் இருந்தாரோ அவரே முன்னால் இருப்பார். இது பைத்தான் வெளிப்படையாகக் கொடுக்கும் உத்தரவாதம், வேறு பல இடங்களில் நாம் அதை நம்பித்தான் எழுதுகிறோம். உங்கள் பன்னிரண்டு பேருக்கும் வேகம் 5. சோழர் + கடாரம் என்று சேர்த்திருக்கிறீர்கள். ஆக ஒவ்வொரு சுற்றிலும் சோழர் ஆறு பேரும் அடித்து முடித்த பிறகுதான் கடாரத்தாரில் மிச்சமிருப்பவர்கள் கையை ஓங்குகிறார்கள்.

முதலில் அடிப்பதற்கு அவ்வளவு பலமா என்று கேட்டால், ஒருவருக்கு ஒருவர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். உயிர் 12, அடி 3, எனவே நான்கு அடி பட்டால் ஆள் காலி. இருவரும் தத்தம் நான்காவது அடியை எந்தச் சுற்றில் போடுவார்கள் என்பதுதான் கேள்வி. இருவருக்கும் அது ஒரே சுற்றில் அமைவதற்கான வாய்ப்பு சுமார் 11.2 விழுக்காடு. அந்தச் சுற்றில் முன்னால் அடிப்பவரின் அடி விழுந்துவிடும், பின்னவருக்கு முறையே வராது. மிச்சமுள்ள 88.8 இருவருக்கும் சரிபாதி, ஆளுக்கு 44.4. எனவே முன்னவருக்கு 55.6, பின்னவருக்கு 44.4. ஒற்றைக்கு ஒற்றையிலேயே இப்படி. கூட்டமாக மோதும்போது முன்கூட்டியே விழுந்த ஒவ்வோர் ஆளும் அதன்பிறகு வரும் எல்லாச் சுற்றிலும் ஓர் அடி குறைவு, அதனால் இடைவெளி பெருகிக்கொண்டே போகும்.

தீர்வு இரண்டு. அடுக்கும்போது வேகத்துக்கு அடுத்த சாவியாக ஒவ்வொருவருக்கும் ஒரு ரேண்டம் எண் கொடுங்கள். வேகம் சமமானவர்கள் சுற்றுக்குச் சுற்று இடம் மாறுவார்கள். இல்லையென்றால் எல்லோருடைய அடியையும் முதலில் சேகரித்து, சுற்றின் முடிவில் ஒரே நேரத்தில் உயிரைக் குறையுங்கள். இரண்டாவது வழியில் இரு அணியும் சேர்ந்து அழியலாம். ஒற்றைக்கு ஒற்றை என்றால் அந்த 11.2 விழுக்காடு அங்கே சமன் ஆட்டமாக வரும். வெற்றி, தோல்வி என்று இரண்டு விடை மட்டும் எழுதி வைத்திருந்தால் நிரல் எங்காவது போய் முட்டும்.

துணை கிளாஸ் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

பிறை_இரவுஷிப்ட்

அக்கா, முதல் வழியைப் போட்டேன். சோழர் 5,000க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வருகிறார்கள், நீங்கள் சொன்ன எல்லைக்குள்ளேயே. ரொம்ப நன்றி. கேள்வி தீர்ந்தது. இனி யானை.

நிபோங்தெபால்_வாத்தியார்

யானையைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

அக்கா சொன்னது சரி. ஆனால் அது பாதிதான். உங்கள் முதல் பதிவில் "வரிசையிலிருந்தும் நீக்கு" என்று ஒரு வரி இருக்கிறதே, சுழல் (வரிசையில் ஒவ்வொருவராகப் போகும் லூப்) ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பட்டியலைத் திருத்துகிறீர்கள். பைத்தான் சுழல் பட்டியலை இட எண்ணை வைத்து நடக்கும். 0, 1, 2 என்று எண்ணிக்கொண்டே போகும், யார் போனார் யார் வந்தார் என்று பார்க்காது.

இரண்டுக்கு இரண்டு வைத்துத் தாளில் எழுதிப் பாருங்கள். பழைய வரிசை: 0இல் சோழர் ஒன்று, 1இல் சோழர் இரண்டு, 2இல் கடாரம் ஒன்று, 3இல் கடாரம் இரண்டு. சோழர் ஒன்று, கடாரம் ஒன்றைக் கொல்கிறார் என்று வையுங்கள். நீங்கியவர் பின்னால் இருந்தவர். சோழர் இரண்டு அதே 1இல் இருக்கிறார், கடாரம் இரண்டு 3இலிருந்து 2க்கு வருகிறார், எல்லோருக்கும் முறை கிடைக்கிறது. இப்போது மறுபக்கம். கடாரம் ஒன்று, 2இல் நின்றுகொண்டு, 0இல் இருக்கும் சோழர் ஒன்றைக் கொல்கிறார். எல்லோரும் ஓரிடம் முன்னே நகர்கிறார்கள். கடாரம் இரண்டு இப்போது 2இல். சுழலோ 2ஐ முடித்தாயிற்று என்று 3ஐத் தேடுகிறது. 3இல் ஆளில்லை. சுற்று முடிந்தது. கடாரம் இரண்டுக்கு முறையே வரவில்லை.

அதாவது கடாரத்தார் ஒருவரைக் கொன்றால், அடுத்து அடிக்க வேண்டிய தோழர் ஒரு முறையை இழக்கிறார். சோழர் கொன்றால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் ஏழாயிரத்தில் ஒரு பங்கு இதனால் வந்தது.

இப்போது முக்கியமான இடம். வரிசையைக் கலைத்தவுடன் இந்தத் தண்டனை இரு அணிக்கும் சமமாகப் பங்கிடப்பட்டுவிட்டது. அதனால்தான் 5,000 வருகிறது. பிழை போகவில்லை, இரு பக்கமும் பரவிவிட்டது. இரு அணியும் ஒரே மாதிரி இருக்கும்வரை வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்த்து இதைப் பிடிக்கவே முடியாது. நாளைக்கு ஒரு பக்கம் யானையும் மறுபக்கம் பத்துக் காலாட்களும் வந்தால் என்ன ஆகும்? காலாட்கள் யானையைக் கொன்றால் போரே முடிந்துவிடும். யானை காலாளைக் கொல்லும்போது அந்தக் காலாள் வரிசையில் யானைக்கு முன்னால் இருந்திருந்தால், யானைக்கு அடுத்து நிற்கும் காலாள் முறையை இழப்பார். யானைக்கு இலவச உதவி. நீங்களோ யானைக்கு உயிர் அதிகமாகக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்து எண்ணைக் குறைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அக்கா கொடுத்த ஒற்றைக்கு ஒற்றைக் கணக்கும் இதைக் காட்டாது. அங்கே முதல் சாவோடு ஆட்டம் முடிகிறது, நீக்கிய பிறகு சுழல் ஓட வேண்டியதே இல்லை.

செய்ய வேண்டியது: சுழலுக்குள் யாரையும் நீக்காதீர்கள். வீரருக்கு "உயிரோடு இருக்கிறாரா" என்று ஒரு கேள்வி மெத்தட் (கிளாஸுக்குள் எழுதும் செயல்) வையுங்கள். முறை வரும்போது அதைக் கேட்டு, இல்லையென்றால் தாண்டிப் போங்கள். எதிரியைத் தேர்ந்தெடுக்கும்போதும் அதே கேள்வி. சுற்று முடிந்த பிறகு அணியைச் சுத்தம் செய்யுங்கள். அதோடு, சுற்றின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு வரி: சுற்றின் தொடக்கத்தில் உயிரோடு இருந்தவர் எண்ணிக்கை = முறை எடுத்தவர் + தன் முறைக்கு முன்பே விழுந்தவர். பொருந்தவில்லை என்றால் நிரல் அங்கேயே நிற்க வேண்டும். போர் பாதியில் முடிகிற கடைசிச் சுற்றுக்கு மட்டும் விலக்கு.

பிறை_இரவுஷிப்ட்

சார், அந்தச் சரிபார்ப்பு வரியைப் பழைய நிரலிலேயே போட்டு ஓட்டினேன். முதல் போரிலேயே நின்றுவிட்டது. உயிரோடு இருந்தவர் 11, முறை எடுத்தவரும் முன்பே விழுந்தவரும் சேர்ந்து 10. அந்த ஒருத்தர் எங்கே போனார் என்று மகள் திரையில் தேடினாள்.

நீக்குவதைச் சுற்றின் முடிவுக்கு மாற்றியாயிற்று. இப்போது வரி வாயே திறப்பதில்லை.

எங்கள் லைனில் கோல்டன் யூனிட் என்று ஒன்று வைத்திருப்போம். விடை ஏற்கெனவே தெரிந்த சிப். ஷிப்ட் தொடங்கும்போது டெஸ்டரில் அதைப் போட்டு, மெஷின் சரியான எண்ணைச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவோம். அக்காவின் 55.6 அப்படிப்பட்டது. கலைக்காத வரிசையில் ஒற்றைக்கு ஒற்றை ஓட்டிப் பார்த்தேன், 55.6ஐ ஒட்டியே நிற்கிறது. இதை இனி தனிக் கோப்பாக வைத்து, எதை மாற்றினாலும் முதலில் ஓட்டப் போகிறேன். இரண்டுக்கு இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன்.

சரி, யானை. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்க வர்மனை அவனுடைய யானைகளோடு பிடித்ததாக வருகிறது, அதனால் யானை கடாரத்துக்குத்தான் என்று மகள் தீர்மானித்துவிட்டாள். காலாளைவிட உயிர் நான்கு மடங்கு, 48. அடியும் நான்கு மடங்கு, 12. ஒரு யானைக்கு ஈடாகச் சோழர் பக்கம் எத்தனை பேர் நிறுத்தினால் நியாயம்? நான் நான்கு என்றேன். அவள் எட்டு என்கிறாள், அதாவது நான்கு பெருக்கல் இரண்டு. பதினாறு ஏன் இல்லை என்று எனக்கே இப்போது குழப்பம்.

நிபோங்தெபால்_வாத்தியார்

நல்ல கேள்வி. ஓட்டிப் பார்ப்பதற்கு முன் தாளில் போடலாம்.

யானையின் ஓர் அடி ஓர் ஆளைச் சாய்த்துவிடும், ஆனால் பாதி வாய்ப்புதான். எனவே சராசரியாக இரண்டு சுற்றுக்கு ஓர் ஆள். எதிரே நான்கு பேர் என்றால், நான்கு பேர் இரண்டு சுற்று, மூன்று பேர் இரண்டு சுற்று, இருவர் இரண்டு சுற்று, ஒருவர் இரண்டு சுற்று அடிப்பார்கள். மொத்தம் 20 முயற்சி, பாதி படும், 10 அடி. யானையைச் சாய்க்க 48 வகுத்தல் 3, பதினாறு அடி வேண்டும். பத்து எங்கே, பதினாறு எங்கே. நான்கு பேர் பாவம்.

ஐந்து பேர் என்றால் 15. ஆறு பேர் என்றால் 21. ஆக ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில். மகள் சொன்ன எட்டு பேர் வந்தால் 36 அடி, யானைக்கு வழியே இல்லை. உண்மையில் யானை ஆளைச் சாய்த்த சுற்றில் அந்த ஆளுக்கு முறை வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், எனவே இந்த எண்கள் கொஞ்சம் கீழே இறங்கும். நிரல் அதைச் சரியாகச் சொல்லும்.

இதில் கவனியுங்கள்: 1 + 2 + 3 + 4 என்று கூட்டுகிறோம். ஆள் எண்ணிக்கை இரட்டித்தால் இந்தக் கூட்டுத்தொகை ஏறக்குறைய நான்கு மடங்காகும். கூட்டச் சண்டையில் எண்ணிக்கையின் பலம் அதன் வர்க்கமாக வளர்வது இதனால்தான். பிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், கார் செய்தவர், முதல் உலகப்போர் நேரத்தில் இதைச் சமன்பாடாக எழுதினார். யாரும் யாரையும் அடிக்க முடிகிற சண்டைக்கு அவருடைய வர்க்க விதி. ஆறு பேருக்கு எதிராக அதே பலமுள்ள நான்கு பேர் என்றால் 36 கழித்தல் 16, அதாவது 20. அதன் வர்க்கமூலம் சுமார் 4.5. ஆறு பேர் அணி நாலைந்து பேரை மிச்சம் வைத்து ஜெயிக்கும். வெறும் இரண்டு பேர் வித்தியாசம்தான் என்று நாம் நினைப்போம்.

அந்த நான்கு பேரை ஈடாக்க ஒவ்வொருவரின் உயிரையும் அடியையும் பெருக்கினால் 2.25 மடங்கு வர வேண்டும். உயிர் ஒன்றரை, அடி ஒன்றரை என்று பிரித்துக் கொடுக்கலாம். இடம் குறுகலாக இருந்து ஒருவருக்கு ஒருவர்தான் மோத முடியும் என்றால் வர்க்க விதி செல்லாது. கப்பல் தளத்தில் நடக்கிற சண்டையை எழுதினால் இதை ஞாபகம் வையுங்கள்.

சும்மா ஒரு பக்கக்கதை. கிளாஸ், ஆப்ஜெக்ட் என்ற ஏற்பாடே சிமுலேஷனுக்காகப் பிறந்ததுதான். 1960களில் ஓஸ்லோவில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்ற இருவர் செய்த சிமுலா மொழி. அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. இந்த வேலைக்காக 2001க்கான டூரிங் விருது (கணினித் துறையின் உயரிய விருது) அவர்களுக்குப் போனது. என் மாணவர்கள் கிளாஸ் எதற்கு என்று கேட்டால் நாய், பூனை, குரைக்கும், கத்தும் என்று பாடப்புத்தகம் சொல்வதை விட்டுவிட்டு ஒரு சண்டையைத்தான் எழுதச் சொல்வேன்.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா

சார் அந்த நீக்குகிற வரியைப் பிடித்தது நல்லதாயிற்று, நான் அடுக்குகிற வரியோடு நின்றுவிட்டேன்.

துணை கிளாஸ் கேள்வி. யானைக்குத் துணை கிளாஸ் வேண்டாம். உயிர் 48, அடி 12 என்று எண் மாறுகிறதே தவிர, நடத்தை மாறவில்லை. வீரர் கிளாஸிலேயே வேறு எண் கொடுத்து ஓர் ஆப்ஜெக்ட் செய்தால் போதும். வில்லாளியும் அப்படித்தான், பெரும்பாலும்.

நடத்தை மாறுவது மருத்துவரிடம். அவர் எதிரியை அடிக்காமல் தோழருக்கு உயிர் கூட்டுகிறார். இங்கே துணை கிளாஸ் எழுதத் தோன்றும். எழுதினால் அடுத்த வாரமே மகள் வில் ஏந்திய மருத்துவர் கேட்பாள், அதற்கு அடுத்து யானை மேல் இருக்கும் மருத்துவர். ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு கிளாஸ் என்று போனால் முடிவே இல்லை. அதற்குப் பதிலாக "என்ன செய்வது" என்பதைத் தனி ஆப்ஜெக்டாக்கி வீரர் கையில் கொடுங்கள். நலிந்த எதிரியை அடி, நலிந்த தோழரைக் குணமாக்கு, இரண்டு பேரைச் சேர்த்து மிதி. வீரர் அதை வைத்திருப்பார், வேண்டுமானால் போர் நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். உங்கள் வீரர் எதிரணிப் பட்டியலைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறாரா என்று பதிவிலிருந்து தெரியவில்லை. வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். முறை வரும்போது போர் கிளாஸ் அவரிடம் தோழர் யார், எதிரி யார் என்று காட்டட்டும். அவர் "இவரை, இந்த அடி" என்று ஒரு தீர்மானத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும். அதை நிறைவேற்றுவது போர் கிளாஸின் வேலை. உயிரைக் குறைப்பது அடி வாங்குகிறவரின் சொந்த மெத்தட். வெளியிலிருந்து யாரும் அவருடைய உயிர் எண்ணில் கை வைக்கக் கூடாது. நாளைக்குக் கேடயம் வந்தால் அந்த ஒரே இடத்தில் திருத்தினால் முடிந்தது.

ரேண்டமையும் அப்படியே. பொதுவான ரேண்டமைக் கூப்பிடாமல், சீட் எண்ணோடு தனி ரேண்டம் ஆப்ஜெக்ட் செய்து போர் கிளாஸுக்குக் கொடுங்கள். சரிபார்ப்பு வரி எங்காவது நின்றால் அந்தச் சீட்டைப் போட்டு அதே போரை அடிக்கு அடி மறுபடி ஓட்டலாம். தம்பி சொன்ன சீட் இங்கேதான் உதவும்.

ஜெலுத்தோங்_தம்பி

அப்பாடா, நான் சொன்னதிலும் ஏதோ ஒன்று தேறிவிட்டது. ஒரு சந்தேகம் அக்கா. யானை இரண்டு பேரை மிதித்தால் சாரின் கணக்கு மாறுமே?

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா

மாறும். இரண்டு பேரும் ஒரே வாய்ப்பில் சேர்ந்து விழுகிறார்கள் என்றால் ஆறு பேருக்கு எதிராக இரண்டு சுற்றுக்கு இருவர் குறைவார்கள். 6 + 4 + 2, பன்னிரண்டு அடிதான் கிடைக்கும், பதினாறு வராது. ஆளுக்கொரு தனி வாய்ப்பு என்றால் வேறு கணக்கு. எந்த விதி என்று முதலில் முடிவு செய்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

பிறை_இரவுஷிப்ட்

மிதிக்காத யானையை ஓட்டிவிட்டேன். நான்கு பேருக்கு எதிராக யானையை அசைக்கவே முடியவில்லை. ஐந்து பேர் என்றால் யானை பாதிக்கு மேல் ஜெயிக்கிறது. ஆறு பேர் என்றால் சோழர் கை ஓங்குகிறது. சார் சொன்ன இடத்தில்தான் விழுகிறது. ஆறு பேர் வைக்கலாம் என்றேன். மகள் ஐந்து பேர்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், காரணம் கேட்க வேண்டியதில்லை.

வீரருக்குள் எதிரணிப் பட்டியல் இருந்தது அக்கா. எடுத்துக்கொண்டிருக்கிறேன். மிதிக்கிற விதியைத் தனி ஆப்ஜெக்டாக எழுதி முடித்ததும் நிரலை இங்கேயே ஒட்டுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.